‘அதை விடுங்கள்’ என்று எழுதிய ஒரு வரி

ஆலோசனை கேட்டு எனக்கு வந்த ஏழு பக்கக் கடிதம். எழுதியவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஐந்து வேளைத் தொழுகை தவறுவதில்லை. இரண்டு வருடமாகத் தஹஜ்ஜுத் என்னும் பின்னிரவுத் தொழுகைக்கும் எழுந்துவிடுகிறார். திங்கள், வியாழன் நோன்பு, தினமும் ஆயிரம் இஸ்திக்ஃபார் (பாவமன்னிப்புக் கோரல்). ஒரு ஹஜ்ஜும் இரண்டு உம்ராவும் (மக்காவுக்கான சிறு புனிதப் பயணம்) முடித்தாயிற்று. இவ்வளவு செய்தும் தொழில் படுத்துவிட்டது. பதினோரு வயது மகனுக்கு வலிப்பு நோய். வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசல் பக்கம் எட்டிப் பார்க்கும் தம்பியோ நாளுக்கு நாள் செழித்துக்கொண்டிருக்கிறார். ‘அல்லாஹ்வுக்கு என்மேல் என்ன கோபம்? இன்னும் எந்த அமலை (நற்செயலை) கூட்டினால் அவன் அன்பு கிடைக்கும்? இருக்கிற சேமிப்பில் இன்னொரு உம்ரா போய் வரலாமா?’ என்று கேட்கிறார்.

ஓதிப்பார்க்கிற ஒருவர், மகனின் மாத்திரைகளை நிறுத்திவிட்டு அல்லாஹ்மேல் முழுசாகப் பாரத்தைப் போடச் சொல்லியிருக்கிறாராம். ஆறாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், இப்படி: ‘அக்காவோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை. அத்தாவின் சொத்தில் பங்கு கேட்டாள். கல்யாணத்துக்கே நிறையச் செய்தாயிற்று, பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டவள்தான். அதை விடுங்கள்.’ அம்மா முன்பே இறந்துவிட்டார் என்பதும், ஏழு வருடத்துக்கு முன் இறந்த அத்தா (தகப்பனார்) விட்டுப்போன வீடும் கடையும் ஆண்மக்கள் இருவர் பெயருக்கும் பாதிப் பாதியாக மாறியிருக்கின்றன என்பதும் கடிதத்தின் வேறு மூலைகளில் கிடக்கின்றன.

அன்புச் சகோதரருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மற்றதெல்லாம் அப்புறம். மகனின் மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஒரு வேளைகூட. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரலாம், நிற்காமல் நீளலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதும் மாற்றுவதும் அவனைப் பார்க்கும் மருத்துவர் படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு தடவை வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஓதுவதும் துஆவும் மாத்திரையோடு சேர்ந்தே நடக்கட்டும், அதற்குத் தடை இல்லை. வைத்தியம் செய்துகொள்ளச் சொன்னவரே நபி (ஸல்) அவர்கள்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் (அல்லாஹ்மேல் பாரத்தைப் போடுதல்) வை என்று ஒருவரிடம் சொன்னதும் அவர்கள்தான். மாத்திரை என்பது அந்தக் கயிறு மாதிரி. அதை அவிழ்த்துவிடுவதற்குத் தவக்குல் என்று பெயரில்லை.

இதே நோய் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் வருகிறது. நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) தம் மாணவர் அதாவிடம், ‘சொர்க்கத்துக்குரிய ஒரு பெண்ணைக் காட்டட்டுமா?’ என்று கேட்டு ஒரு கறுப்பினப் பெண்மணியைக் காட்டுகிறார். அந்த அம்மாள் நபியிடம் வந்து, வலிப்பு வந்து விழும்போது தம் ஆடை விலகிவிடுவதாகச் சொல்லி துஆ கேட்டவர். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம், விரும்பினால் குணமாக துஆ செய்கிறேன் என்றார்கள் நபியவர்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். ஆடை மட்டும் விலகாமலிருக்க துஆ கேட்டு வாங்கிக்கொண்டார். வலிப்பு நோயாளி ஒருவரை விரல் நீட்டிக் காட்டி ‘இவர் சொர்க்கவாசி’ என்று சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, உங்கள் மகனின் நோயை அல்லாஹ்வின் கோபம் என்று எப்படி எடுத்துக்கொண்டீர்கள்? (இதைச் சாக்காக வைத்து மருந்தை விடச் சொல்வார்கள். அந்த அம்மாள் பெரியவர், தமக்காகத் தாமே முடிவெடுத்தவர். பதினோரு வயதுப் பிள்ளைக்காக அப்படி முடிவெடுக்கும் உரிமை ஓதிப்பார்க்கிறவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.)

வரவும் செலவும் சொல்லும் செய்தி

உங்கள் கடிதத்தின் அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது. செழிப்பு வந்தால் அல்லாஹ்வுக்குப் பிடித்திருக்கிறது, இழப்பு வந்தால் பிடிக்கவில்லை. தம்பியை அளப்பதும் இந்தக் கோலால்தான். இந்தக் கணக்கைக் குர்ஆன் நேருக்கு நேர் எடுத்துப் பேசுகிற இடம் ஸூரத்துல் ஃபஜ்ர். வசதியைக் கொடுத்துச் சோதித்தால் ‘என் ரப்பு (இறைவன்) என்னைக் கண்ணியப்படுத்தினான்’ என்கிறான் மனிதன், வாழ்வாதாரத்தைச் சுருக்கிச் சோதித்தால் ‘என்னை இழிவுபடுத்திவிட்டான்’ என்கிறான் (89:15-16). இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்: ‘கல்லா’. அப்படியல்ல.

பெரும்பாலான பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் தயவுசெய்து அடுத்த மூன்று வசனங்களையும் படியுங்கள். அப்படியல்ல என்று சொன்ன கையோடு, அநாதையை நீங்கள் கண்ணியப்படுத்துவதில்லை, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டுவதில்லை என்று வந்து, அடுத்து 19ஆம் வசனம் ‘வாரிசுச் சொத்தை வாரிச் சுருட்டித் தின்கிறீர்கள்’ என்கிறது. இந்த வரிசையைப் பார்த்து நான் எத்தனையோ முறை திகைத்திருக்கிறேன். ‘ரப்பு என்னை இழிவுபடுத்திவிட்டானே’ என்று புலம்புகிறவனிடம் அவன் அமல் குறைவைப் பற்றிக் குர்ஆன் பேசவில்லை. வீட்டுக்குள்ளே யாருடைய பங்கு யாரிடம் இருக்கிறது என்று கேட்கிறது.

உடனே ஒரு தப்பான முடிச்சைப் போட்டுவிடாதீர்கள். அக்காவுக்குக் கொடுக்காததால்தான் மகனுக்கு வலிப்பு வந்தது என்று நான் சொல்லவே இல்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது குர்ஆன் (6:164). அந்தப் பிள்ளை உங்கள் தவறுக்கான ரசீது அல்ல. அதேபோல, அக்காவுக்குக் கொடுத்தவுடன் அவன் குணமாவான், தொழில் எழும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் அதுவும் ஒரு பேரமாகிவிடும், பழைய கணக்கே புதுப் புத்தகத்தில் ஓடும்.

அல்லாஹ் நேசிக்கிறான் என்று பெயர் சொன்னவர்கள்

உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். ‘அல்லாஹ் நேசிக்கிறான்’ என்று குர்ஆனே சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். முத்தகீன் என்னும் இறையச்சமுடையோர் (3:76), முஹ்ஸினீன் என்னும் நன்மை செய்வோர் (2:195), பொறுமையாளர்கள் (3:146), தவக்குல் வைப்போர் (3:159), திரும்பத் திரும்பத் தவ்பா (பாவத்திலிருந்து மீளுதல்) செய்வோரும் தூய்மை பேணுவோரும் (2:222), நீதி செலுத்துவோர் (5:42, 49:9, 60:8). எல்லாமே குணங்கள். இத்தனை ரக்அத், இத்தனை ஆயிரம் என்று ஒன்றிலும் எண்ணிக்கை இல்லை.

இவர்களில் முஹ்ஸினீனைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 3:134 அவர்களை அடையாளம் காட்டுகிறது: வசதியிலும் நெருக்கடியிலும் செலவழிப்பார்கள், கோபத்தை விழுங்குவார்கள், மனிதர்களை மன்னிப்பார்கள். கோபம் இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. தொண்டை வரை வந்ததை விழுங்குகிறவர்கள். ‘இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, விழுங்க வேண்டியிருந்தது அந்த வாக்கியத்தைத்தான்.

நஃபில் என்னும் உபரி வணக்கங்களால் அல்லாஹ்வின் நேசத்தை அடையலாம் என்று நீங்கள் நினைப்பது தவறே இல்லை, அப்படியே புகாரியில் ஹதீஸ் குத்ஸீ (அல்லாஹ் சொன்னதாக நபி அறிவித்தது) இருக்கிறது. ஆனால் அது தொடங்கும் இடத்தைக் கவனித்தீர்களா? ‘நான் கடமையாக்கியதைவிட எனக்குப் பிரியமான வேறெதைக் கொண்டும் என் அடியான் என்னை நெருங்குவதில்லை.’ ஃபர்ளு (கடமை) முதலில், நஃபில் அதன்மேல். ஃபர்ளு என்றதும் நமக்குத் தொழுகையும் நோன்பும்தான் ஞாபகம் வருகின்றன. வாரிசுப் பங்குகளை விவரிக்கும் 4:11 எப்படி முடிகிறது என்று குர்ஆன் பிரதியைத் திறந்து பாருங்கள். ‘ஃபரீளத்தம் மினல்லாஹ்’, அல்லாஹ் விதித்த கடமை. பாகப்பிரிவினைக் கல்விக்கே ஃபராயிள் என்றுதான் பெயர். இரண்டு வருடமாக நஃபிலுக்கு விழித்திருக்கிறீர்கள், ஒரு ஃபர்ளு ஏழு வருடமாகத் தூங்குகிறது.

அந்த அரைப் பங்கு

கணக்கு சின்னதுதான். அடக்கச் செலவு, அத்தாவின் கடன், அவர் முறையான வஸிய்யத் (உயில்) செய்திருந்தால் அது (மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல்) போக, மிச்சத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. வேறு வாரிசு இல்லை என்றால் மொத்தம் ஐந்து பங்கு: உங்களுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு, அக்காவுக்கு ஒன்று. இப்போது நீங்களும் தம்பியும் ஆளுக்கு இரண்டரை வைத்திருக்கிறீர்கள். உங்கள் கையிலிருக்கும் அந்த அரை உங்களுடையது அல்ல. அதாவது உங்கள் பெயரிலிருப்பதில் ஐந்தில் ஒரு பாகம். தம்பி அவர் அரையைக் கொடுக்கிறாரா இல்லையா என்பது அவர் பதில் சொல்ல வேண்டிய கணக்கு. அவர் கொடுக்கும்வரை காத்திருக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

கல்யாணத்துக்குச் செய்தது பங்கில் கழியாது. அத்தா உயிரோடு இருந்தபோது மகளுக்குச் செய்தது தகப்பனின் அன்பளிப்பு. வாரிசுரிமை அவர் கண் மூடிய பிறகு பிறக்கிறது. பிறப்பதற்கு முந்தியே அதை அடைத்துவிட்டோம் என்பது எந்தக் கணக்கிலும் சேராது. உங்கள் கல்யாணச் செலவை யாரும் உங்கள் இரண்டு பங்கில் கழிக்கவில்லையே.

கையெழுத்து விஷயம் கொஞ்சம் சிக்கல். ஒரு பெண் தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது செல்லும். உங்கள் அக்கா அப்படிச் செய்தாரா? அத்தா இறந்த நாற்பது நாளுக்குள், உறவினர் நிறைந்த வீட்டில், ‘இதில் ஒரு கையெழுத்துப் போடு’ என்று நீட்டியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மறுத்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். ஒருவருடைய பொருள் அவர் மனம் விரும்பித் தந்தால்தான் ஹலால். அடுத்த வருடமே அவர் பங்கு கேட்டிருக்கிறார் என்றால் மனம் விரும்பவில்லை என்றுதானே பொருள்?

சட்டத்தில் அந்தப் பத்திரம் செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஆனால் ‘செல்லும்’ என்று அவர் சொன்னால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நபி (ஸல்) அவர்களிடம் வழக்கு கொண்டுவந்தவர்களிடம் அவர்கள் சொன்னது: நானும் மனிதன்தான், உங்களில் ஒருவர் வாதத்தில் வல்லவராக இருக்கலாம், கேட்டதை வைத்து நான் தீர்ப்புச் சொல்லிவிடலாம், ஆனால் அப்படி இன்னொருவர் உரிமையை நான் கொடுத்துவிட்டால் அது நெருப்புத் துண்டு. அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பின் அறிவிப்பில், வந்த இருவரும் சாட்சியில்லாத வாரிசுச் சொத்துக்காகத்தான் வழக்காடினார்கள். இதைக் கேட்டதும் இரண்டு பேரும் அழுது, ‘என் உரிமையை நீயே வைத்துக்கொள்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கிறார்கள். நபியே தீர்ப்பளித்தாலும் ஹலாலாகாதது பத்திரப்பதிவால் ஆகிவிடாது.

கடையிலிருந்து ஏழு வருடமாக வந்த வாடகையில் அக்காவுக்கு எவ்வளவு என்பதை ஃபராயிள் தெரிந்த ஒரு முஃப்தியிடம் (மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் அறிஞரிடம்) எல்லாத் தாள்களோடும் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் பாதி சொல்லிக் கேட்க வேண்டாம். பாதி சொன்னால் நமக்குப் பிடித்த பாதியைத்தான் சொல்வோம்.

உம்ரா?

இப்போது வேண்டாம். உங்கள் மேல் கடமையான ஹஜ் முடிந்துவிட்டது. இது விரும்பினால் போகும் உம்ரா. அந்தச் சேமிப்பில் அக்காவின் பணம் கலந்திருக்கிறது. ஷஹீதுக்கு (இறைவழியில் உயிர் நீத்தவருக்கு) எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்று முஸ்லிமில் இருக்கிறது. மறுமையில் ‘முஃப்லிஸ்’, அதாவது திவாலானவர், யார் என்று நபியவர்கள் சொன்ன விளக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் வருவார், ஆனால் இவரைத் திட்டியிருப்பார், அவர் பொருளைத் தின்றிருப்பார். அமல்களை எடுத்து அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே போக, கை காலியாகிவிடும். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் தஹஜ்ஜுத்துகள் உங்களிடமே இருக்க வேண்டும் என்ற ஆசையில் சொல்கிறேன். தவ்பாவுக்கு விட்டுவிடுதல், வருந்துதல், இனிச் செய்வதில்லை என்ற உறுதி ஆகிய மூன்றும், மனிதர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது நான்காவதாகவும் நிபந்தனை என்பார்கள் ஆலிம்கள். ஆயிரம் இஸ்திக்ஃபார் அந்த நான்காவதுக்கு ஈடாகாது.

எப்படிப் போவது

ஆறு வருடம் கழித்து நேரே வாசலில் போய் நிற்பது நல்லதா என்று யோசித்தேன். வேண்டாம். மச்சான் எந்த மனநிலையில் இருப்பார் என்று தெரியாது, எல்லோர் முன்னாலும் அக்கா சங்கடப்படுவார். முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம். ‘அக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவின் சொத்தில் உன் பங்கு என்னிடம் இருக்கிறது. தராமல் வைத்திருந்தது என் தப்பு. வீட்டுக்கு வராதே என்று சொன்னதும் தப்பு. எவ்வளவு, எப்படித் தருவது என்று பேச, நீ எப்போது சொன்னாலும் வருகிறேன்.’ இவ்வளவு போதும். ‘மகனுக்கு உடம்பு சரியில்லை’ என்பதை இதில் சேர்க்காதீர்கள், இரக்கத்தைக் கேட்பதுபோல் ஆகிவிடும். ‘நீயும் அன்றைக்கு அப்படிப் பேசினாயே’ என்பதும் வேண்டாம்.

பதில் வராமல் போகலாம். வந்தாலும் கசப்பாக வரலாம். மூன்று நாளுக்கு மேல் பேசாமலிருப்பது ஆகாது, இருவரில் ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்பது ஹதீஸ். நீங்கள் இரண்டாயிரம் நாள் தாண்டிவிட்டீர்கள், முதல் ஸலாம் திரும்பி வராவிட்டால் அதில் அவர்மேல் குறை காண முடியாது. பதிலுக்குப் பதில் செய்பவர் உறவைச் சேர்ப்பவர் அல்ல, அறுந்த இடத்தில் சேர்ப்பவரே சேர்ப்பவர் என்றும் புகாரியில் இருக்கிறது.

பணம் மொத்தமாகக் கையில் இல்லை, தொழில் நொடித்திருக்கிறது. தெரிகிறது. கடையில் உங்கள் பாகத்திலிருந்து அக்காவின் அளவை அவர் பெயருக்கு எழுதித் தரலாம், விற்றுத் தரலாம், அல்லது அவர் சம்மதித்தால் எழுத்தில், தேதி போட்டுத் தவணையாகத் தரலாம். எதைத் தேர்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். முழுக் கணக்கும் தெரிந்த பிறகு ‘எனக்கு வேண்டாம், பிள்ளைக்குச் செலவழி’ என்று அவரே சொன்னால் அப்போது அது அவர் தரும் ஸதகா. அதை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அப்படிச் சொல்வார் என்ற நினைப்போடு போகாதீர்கள். தம்பிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். அவர் கோபப்படுவார், பத்திரம் கலையுமே என்று பயப்படுவார். நீங்கள் கொடுப்பது உங்கள் பாகத்திலிருந்து மட்டும் என்று சொல்லுங்கள், அதற்குமேல் வாதம் வேண்டாம்.

இரவுகள்

நான்கு மணி நேரம்தான் தூங்குவதாகவும், பகலில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆலோசகனாக எனக்கு இது கவலை. மாதக்கணக்காகத் தூக்கம் குறைந்தால் மனம் எதையும் இருட்டாகவே பார்க்கும். ‘அல்லாஹ் என்னை வெறுக்கிறான்’ என்ற எண்ணத்தில் எவ்வளவு பங்கு அசதியுடையது என்று தெரிய வேண்டுமானால், சில வாரம் ஒழுங்காகத் தூங்கிப் பாருங்கள். எண்ணம் விடாமல் துரத்தினால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், அது ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு அல்ல. நபித்தோழர் அபூதர்தா (ரலி) இரவு முழுக்க நின்று தொழ எழுந்தபோது, விருந்தாளியாக வந்திருந்த ஸல்மான் (ரலி) அவரைப் படுக்கவைத்து, இரவின் கடைசியில்தான் எழுப்பினார். உன் ரப்புக்கும், உன் ஆன்மாவுக்கும், உன் குடும்பத்துக்கும் உன்மேல் உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் அவரவர் உரிமையைக் கொடு என்றார். நபியிடம் போனபோது, ‘ஸல்மான் சொன்னது உண்மை’ என்றார்கள். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமல்தான் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியம் என்பதும் அவர்கள் சொன்னதே. இரண்டு ரக்அத் போதும்.

கடிதத்தில் உங்கள் மனைவியைப் பற்றி இருப்பது ஒரே ஒரு தகவல்: மகனுக்கு இரவில் வலிப்பு வருமோ என்று அவன் பக்கத்தில் படுத்திருப்பவர் அவர், அடுத்த அறையில் நீங்கள் தஹஜ்ஜுத்தில். அக்காவுக்குக் கொடுக்கப்போவதை முதலில் அவரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். அப்புறம், வாரத்தில் மூன்று இரவாவது அவர் அந்த அறைக்குப் போய்த் தூங்கட்டும். மகன் பக்கத்தில் நீங்கள் படுங்கள்.